மாலையை யார் எடுத்துக் கொடுப்பது

கண்ணு,

பசியாறிட்டு இதைப் படி. வெறும் வயித்துல படிச்சா உனக்குக் கோபம்தான் வரும், உன்னைப் பெத்தவளுக்கு அது தெரியாதா. சிரம்பான்ல உன் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்து படி. பாதி படிச்சுட்டு மடிச்சு வெச்சுடாதே. வாயால சொன்னா நீ பாதியிலயே எழுந்து போயிடுவே, "அம்மா ஆரம்பிச்சுட்டாங்க"ன்னு. எழுத்துக்காவது உட்காருவே. நீ வாத்தியார் ஆச்சே.

போன வாரம் வந்தே. கல்யாணப் பத்திரிகைக் கட்டை மேசையில வெச்சுட்டு, "அம்மா, சீர்திருத்தக் கல்யாணம்தான். ஐயர் இல்ல, புகை இல்ல. தலைவர் ஒருத்தர் மாலை எடுத்துக் குடுப்பாரு, நாங்க மாத்திக்குவோம், ரெண்டு பேர் வாழ்த்திப் பேசுவாங்க, சாப்பாடு. அப்பா ஆசைப்பட்ட மாதிரியே"ன்னே. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. இந்தப் பிள்ளை அப்பனை மறக்கலைன்னு நெனச்சேன். அடுத்த வாய் கோப்பி குடிக்கிறதுக்குள்ள சொன்னே: "தலைமை சதா மாமாதான். அவரைவிட யாரும்மா பொருத்தம்?" அதோட விட்டியா? தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கமலா வீட்டுல பழைய ஆளுங்க இருக்காங்க. மாலை மாத்துற நேரம் மட்டும் நீங்க உள் அறையில இருந்துடுங்க. முடிஞ்சதும் நானே வந்து கூப்பிடுறேன்"ன்னே.

நான் "கோப்பி ஆறுது, குடி"ன்னேன். நீயும் குடிச்சுட்டு பஸ் பிடிக்க ஓடிட்டே. எனக்கு அன்னைக்கு அடுப்பு பத்த வைக்கக்கூட மனசு வரல. அந்த ஆள் மேடையில, நான் உள் அறையில! அடப்பாவி மகனே, நீ யாருடைய பிள்ளைன்னு உனக்கு யாருமே சொல்லலியா? சொல்லியிருக்க வேண்டியவ நான்தான். இத்தனை வருஷம் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு இப்ப சொல்றேன், கேளு.

உன் அப்பாவை உனக்கு எப்படித் தெரியும்? சுவத்துல மாட்டியிருக்கிற படம். உன் சதா மாமா சதாசிவம் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்ற "தியாகி". நான் சொல்றது வேற ஆளு. இந்தியாவுலேருந்து, ரப்பர் மரம் நட்ட கித்தாத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரா வந்த ஆளு. பகல்ல பிள்ளைங்களுக்கும் சாயங்காலம் அவங்க அப்பன் ஆத்தாளுக்கும் எழுத்துச் சொல்லிக் குடுத்தாரு. துரைமாருக்கு அது பிடிக்கல. பெட்டியோட வெளிய அனுப்பிட்டாங்க. நேரா மலாக்கா வந்து, தெங்கேராவுல ஒரு கித்தா கிடங்குல கணக்கு எழுதுற கிராணி வேலையில சேர்ந்து, நம்ம காஜா பெராங்ல டோபி கடைக்குப் பின்னால இருந்த அறையை வாடகைக்குப் பிடிச்சாரு. அறை முழுக்கப் புத்தகம். பாயை விரிக்க இடமில்லாம புத்தகத்து மேலயே பாயை விரிச்சுப் படுத்த மனுஷன்.

நான் மலாக்கா செட்டி வீட்டுப் பொண்ணு. எங்க ஆளுங்க இந்த ஊருக்கு வந்து எத்தனை தலைமுறைன்னு எங்களுக்கே தெரியாது. வீட்டுல பேச்சு மலாய், சாமி மட்டும் தமிழ். மாரியம்மன் கோயிலுக்குப் போவேன், கையைக் கூப்புவேன், தமிழ் காதுல விழுந்தா புரியும், ஆனா அந்தம்மாகிட்ட தமிழ்ல எப்படிக் கேக்கணும்னு தெரியாது. டோபி கடைக்குப் பலகாரம் கொண்டுபோய்க் குடுக்கிறது என் வேலை. அங்கதான் உன் அப்பா சத்தமா வாசிச்சுக்கிட்டு இருப்பாரு. டோபி கடைக் கருப்பையா அண்ணன் இஸ்திரி போட்டுக்கிட்டே கேப்பாரு. கிடங்குல மூட்டை தூக்கிறவங்க, நகராட்சியில தெருக் கூட்டுறவங்க நாலஞ்சு பேர் துணி மூட்டை மேல உட்கார்ந்திருப்பாங்க. ஏதோ தாடிக்காரர் ஒருத்தர் வெளிநாட்டு பாஷையில எழுதினதை இவரு கொஞ்சம் கொஞ்சமா தமிழ்ல எழுதி வெச்சிருந்தாரு, அதைத்தான் வாசிப்பாரு. கருப்பையா அண்ணனுக்கு ஒண்ணும் விளங்காது. அப்ப இவரு ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, இது கசங்கினா மறுபடி உங்ககிட்ட வரும். நீங்க கசங்கினா எங்க போவீங்க?"ன்னு கேட்டாரு. அண்ணன் இஸ்திரிப் பெட்டியைக் கீழ வெச்சுட்டாரு. அன்னைக்குத்தான் நானும் பலகாரத் தட்டை வெச்சுட்டு உட்கார்ந்தேன்.

எனக்குத் தமிழ் எழுத்து அவரு குடுத்தது. அவருக்கு சந்தையில பேசுற பாசார் மலாய் நான் குடுத்தது. எங்க வீட்டுல ஒரே ரகளை, 'ஊரு பேரு தெரியாத கிராணி, சாமியும் கும்பிடமாட்டான்'னு. அந்த டோபி கடையிலதான் எங்க கல்யாணம். கருப்பையா அண்ணன் மாலை எடுத்துக் குடுத்தாரு. நெருப்புக்குப் பக்கத்துலயே இருந்து காய்ச்சுப்போன கை அது, பூவை எங்க நசுக்கிடுவோமோன்னு பயந்து பயந்து நீட்டினாரு. உன் அப்பா அப்ப எல்லார் முன்னாலயும் சொன்னாரு: "மாலை எடுத்துக் குடுக்கிறவன் பெரிய மனுஷனா இருக்கணும்னு இல்ல. நம்ம கஷ்டத்துல கூட நின்னவனா இருந்தா போதும்." மேடையில ஏறுறதுக்கு முன்னால இதை நீ ஒரு தடவை நெனச்சுப் பாரு.

எங்க தொழிலாளர் சங்கம் நடத்தின தெங்கேரா கிடங்கு வேலை நிறுத்தத்தைப் பத்தி சதாசிவம் உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரு. அதுல என்னைப் பத்திச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டாரு. அங்க வேலை செஞ்சவங்க தமிழன் பாதி, சீனப் பொம்பளைங்க பாதி, லாரி ஓட்டுறவங்க மலாய்க்காரங்க. உன் அப்பாவோட தமிழ் தமிழனுக்கே பாதி புரியாது! அவரு மாட்டு வண்டி மேல நின்னு பேசுவாரு, நான் வண்டிச் சக்கரத்து மேல ஏறி நின்னு மலாயில சொல்லுவேன். அவரு, "உழைப்பின் பயனை உழைப்பவனே நுகரும் சமுதாயம்"னு நீட்டி முழக்குவாரு. நான், "சோறு ஆக்கினவளை முதல்ல சாப்பிட விடுங்க"ன்னுவேன். சீனப் பொம்பளைங்க கை தட்டிச் சிரிப்பாங்க. வீட்டுக்கு வந்து, "நான் அதையா சொன்னேன்?"னு கேப்பாரு. "நீங்க அதைத்தான் சொன்னீங்க, சுத்தி வளைச்சு"ம்பேன். யோசிச்சது அவரு. அதைத் தெருவுக்குக் கொண்டு வந்தது என் வாய். இந்த வாயைத்தான் பின்னால எனக்கே எதிரா திருப்பிட்டாங்க.

சதாசிவம் எங்களுக்குக் கடைசியா வந்து சேர்ந்த ஆளு. நகராட்சி ஆபீஸ்ல வேலை, நல்ல இங்கிலீஷ், சிரிச்ச முகம். என்னை அக்கான்னு கூப்பிடுவாரு. உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிவாரு. உன் அப்பாவுக்கு அவருன்னா உயிர். "எனக்குப் பின்னால இந்த வேலையைத் தம்பிதான் செய்யணும்"பாரு.

இப்ப டோபி கடையில நாங்க கூடின அந்த வாசிப்பு அறையோட விதிகளைச் சொல்றேன், இதுலதான் எல்லாம் இருக்கு. மாசத்துக்கு ஒரு நாள் வாசிப்பு கிடையாது, சுயவிமர்சனம். அவனவன் செஞ்ச தப்பை அவனவனே எழுந்து சொல்லணும். அடுத்தவன் தப்பைச் சொல்லணும்னா அவன் முகத்துக்கு நேராத்தான் சொல்லணும். கேக்கிறவன் வாயைத் திறக்காம கேட்டுக்கணும். சொன்னதோட அது முடிஞ்சுது, அறையை விட்டு வெளிய போகக்கூடாது. முதுகுக்குப் பின்னால பேசுறது முதலாளி வேலைன்னு உன் அப்பா சொல்லுவாரு. கோயில்ல சத்தியம் பண்ண மாட்டோம்னு சொன்ன ஆளுங்க நாங்க, இந்த விதிகளைச் சாமி மாதிரி வெச்சிருந்தோம்.

காட்டுக்குள்ள போன கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போடுறதுக்குக் கொஞ்சம் முன்னால, கோயில் திருவிழா. கருப்பையா அண்ணன்லேருந்து எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாங்க. கொட்டுச் சத்தம் கடை வரைக்கும் கேக்குது. அறையில இருந்தது உன் அப்பா, நான், சதாசிவம். மூணு பேருக்காகக் கூட்டத்தைத் தள்ளி வைப்போமான்னு நான் கேட்டேன். உன் அப்பா, விதின்னா விதின்னுட்டாரு. எழுந்து நின்னு சொன்னாரு: போலீஸ் தேடிக்கிட்டு இருந்த ஒரு சீனப் பையனை, வேலை நிறுத்தத்துல முன்னால நின்னவன், நம்ம வீட்டுக் கொல்லைக் கொட்டகையில படுக்க வெச்சு அனுப்பினதா. எனக்கு முன்னமே தெரியும், சோறு போட்டதே நான்தானே. "காட்டுக்குப் போகாதே, துப்பாக்கி நமக்கு வேண்டாம்னு சொல்லித்தான் அனுப்பினேன். இரக்கத்தால செஞ்சேன். சங்கத்தைக் கேக்காம செஞ்சேன். அது என் தப்பு." இவ்வளவுதான் சொன்னாரு. சதாசிவம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டாரு. அப்புறம் மூணு பேரும் கோயிலுக்குப் போய் உனக்கு பொம்மை வாங்கினோம்.

அதுக்கப்புறம் சதாசிவம் சில நாள் கண்ணுல படல. வந்தப்ப, வயித்து வலின்னாரு. முகம் வீங்கியிருந்துச்சு. வயித்து வலிக்கு முகம் ஏன் வீங்குதுன்னு எனக்கு அன்னைக்குக் கேக்கத் தோணல. அவசரகாலம்னு அறிவிச்சாங்க, சங்கத்தை மூடினாங்க, ஒரு காலையில நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கிறப்ப போலீஸ் வந்து உன் அப்பாவைக் கொண்டுபோயிட்டாங்க. கொல்லைக் கொட்டகையைப் பிரிச்சுப் போட்டுட்டாங்க. அது உனக்கு ஞாபகம் இருக்கும்.

பண்டார் ஹிலிர் சிறைக்கு நான் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் உன் அப்பா இளைச்சுப் போய் நின்னாரு. நான் அழுதுக்கிட்டே சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். அவரு மெதுவா, "நீ யார்கிட்டயாவது சொன்னியா?"ன்னாரு.

எனக்கு விளங்கல. அவரு சொன்னாரு: விசாரிச்ச தமிழ் அதிகாரி அவர் முகத்தைப் பார்த்து, "இரக்கத்தால செஞ்சேன்னு சொன்னியாமே, சங்கத்தைக் கேக்கலையாமே"ன்னு சிரிச்சானாம். அறையில சொன்ன அதே வார்த்தை.

"அந்த அறையில மூணு பேர்தான் இருந்தோம்"னேன்.

"அதைத்தான் நானும் யோசிச்சேன்"னாரு. "சதாசிவம் வந்து பார்த்துட்டுப் போனாரு. நீ பாசார்ல பலகாரம் விக்கிறப்ப பேச்சுவாக்குல யார்கிட்டயோ சொல்லியிருப்பியோன்னு சந்தேகப்பட்டாரு. உன்னைக் குத்தம் சொல்லல, வருத்தப்பட்டாரு."

"என் முகத்துக்கு நேரா வந்து சொல்லச் சொல்லுங்க. அதுதானே உங்க விதி?"

"ஒரு தோழரைச் சந்தேகப்பட ஆரம்பிச்சா அப்புறம் இயக்கம்னு ஒண்ணு இருக்காது."

"பொண்டாட்டியைச் சந்தேகப்பட்டா?"

அவரு கம்பி வழியா விரலை நீட்டி என் கையைத் தொட்டு, "விடு. நீ வேணும்னு செய்யல. எனக்கு உன் மேல கோபமே இல்ல"ன்னாரு.

மன்னிச்சுட்டாராம்! கண்ணு, செஞ்ச தப்புக்கு அடி வாங்கலாம். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கிட்டு வீட்டுக்கு நடந்து வந்திருக்கியா நீ? பண்டார் ஹிலிர்லேருந்து காஜா பெராங் வரைக்கும் எப்படி நடந்து வந்தேன்னே எனக்குத் தெரியல. அழுகைகூட வரல. அவ்வளவு படிச்ச மனுஷன், உலகத்துல யார் யாரை ஏய்க்கிறான்னு புட்டுப்புட்டு வெச்ச மனுஷன், தன் பக்கத்துல படுத்தவளை நம்பல. என் வாய் அவருக்குக் கூட்டத்துல வேணும், வீட்டுல அது ஓட்டை வாய்.

அவரைக் கப்பலேத்தி இந்தியாவுக்கே அனுப்ப முடிவு பண்ணினாங்க. நானும் வரேன்னேன். "உனக்கு அங்க யாரைத் தெரியும்? பையன் படிப்பு இங்க இருக்கு. சதாசிவம் பார்த்துக்குவாரு"ன்னாரு. உன்னை அந்த ஆள் கையில பிடிச்சுக் குடுத்துட்டுப் போனது உன் அப்பாதான், அதனால உன் மேல நான் இத்தனை நாள் குறை சொன்னதில்ல. அங்கேருந்து அவரு எழுதினதுல எல்லாம் 'தம்பி சதாசிவத்துக்கு என் அன்பு'ன்னு முடிச்சாரு. நெஞ்சு நோயில படுத்து, நாட்டுக்கு சுதந்திரம் வந்த மெர்டேக்காவைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துட்டாரு. என்னைப் பத்தி அதே நெனப்போட போயிட்டாரு. அதை நெனச்சா எனக்கு இன்னைக்கும் சோறு இறங்காது.

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதே. கப்பல் போன பிறகு நேரா சதாசிவம் ஆபீசுக்குப் போனேன். அப்பவே அவரு புதுச் சங்கத்துல மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாரு, அரசாங்கத்துக்கு ஒத்துப்போற சங்கம். விசிறிக்குக் கீழ உட்கார்ந்திருந்தாரு. நின்னுக்கிட்டே சொன்னேன்: "அறையில பேசினதை போலீசுக்குச் சொன்னது நீங்க. பழியை என் தலையில போட்டதும் நீங்க." அவரு வாயைத் திறக்காம முழுசாக் கேட்டாரு. கதவைச் சாத்திட்டு வந்து, பணிவா, அதே சிரிச்ச முகத்தோட சொன்னாரு: "அக்கா, முகத்துக்கு நேரா சொல்லிட்டீங்க. நான் பதில் பேசாம கேட்டுக்கிட்டேன். முடிஞ்சுது. இனி இது வெளிய போகக்கூடாது. அண்ணன் போட்ட விதி இல்லையா?"

நான் திரும்பி வந்துட்டேன். நம்புவியா? வந்துட்டேன்! அந்த ஆளுக்கு விதி ஒரு குடை, மழை பெய்யிறப்ப விரிச்சுக்கிட்டாரு. நான் அதை நெசம்னு நம்பின கூட்டத்தைச் சேர்ந்தவ. உன் அப்பா போட்ட விதியை அவரு இல்லாத நேரத்துல நானே உடைச்சா, ஓட்டை வாய்ன்னு அவரு நெனச்சது சரியாப் போயிடுமேன்னு பயந்தேன். வெளிய ஒரு வார்த்தை விடலைன்னா என்னைக்காவது அவருக்குப் புரியும்னு இருந்தேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்க கூட்டத்துல வளர்ந்தவதான் பண்ணுவா.

நீ பெரிய பரீட்சை எழுதின வருஷம், ஒரு நாள் சட்டை இஸ்திரி போடலைன்னு என்கிட்ட சண்டை பிடிச்சே. சண்டை எங்கெங்கயோ போய், "உங்க வாயாலதானே அப்பா போனாரு"ன்னு கத்தினே. யார் சொன்னதுன்னு நான் கேக்கல, எனக்குத் தெரியும். நீ அன்னைக்கு ராத்திரி வந்து என் மடியில தலை வெச்சு அழுதே, மன்னிச்சுக்கோங்கம்மான்னே. ஆனா 'நீங்க அப்படிச் செஞ்சிருக்க மாட்டீங்க'ன்னு நீ சொல்லல. உன் அப்பா என்னை மன்னிச்சாரு, நீ என்கிட்ட மன்னிப்புக் கேட்டே, ரெண்டு பேருமே நான் சொல்றதைக் கேக்கல.

ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. சதாசிவம் காட்டிக் குடுத்ததை நான் எப்பவோ விட்டுட்டேன். அந்த வீங்கின முகத்தை நான் பார்த்தேன். அடிச்சா யாரும் சொல்லுவாங்க, நானும் சொல்லியிருப்பேனோ என்னவோ. வெளிய வந்ததும் உன் அப்பா காலைப் பிடிச்சு, "அண்ணே, தாங்க முடியல, சொல்லிட்டேன்"னு அழுதிருந்தா அவரு அங்கேயே கட்டிப் பிடிச்சிருப்பாரு, நானும் ஒரு வாய் சோறு போட்டிருப்பேன். அதைச் செய்யாம, என் மேல துடைச்சுட்டுப் போனாரு பாரு, அதைத்தான் என்னால விட முடியல. ஒரு குடும்பத்துல புருஷனைப் பொண்டாட்டிகிட்டேருந்து பிரிச்சு, பிள்ளைக்குத் தாயை வேத்தாளாக்கி, அப்புறம் அந்தப் பிள்ளைக்கே மாமாவா வந்து உட்கார்ந்துக்கிட்டாரு. மெர்டேக்கா அன்னைக்கு பாடாங் திடல்ல வெள்ளை வேட்டியோட நின்னு, கொடி ஏறுறப்ப உன் தோள்ல கை போட்டுக்கிட்டாரு. நீ எவ்வளவு பெருமையா நின்னே! நான் பின்னால கூட்டத்தோட கூட்டமா நின்னு பார்த்தேன். நாடே சந்தோஷமா இருக்கிறப்ப எனக்கு மட்டும் ஏன்டா இப்படி வயிறு எரியுதுன்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

உன் அப்பா மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொன்னா அது பொய். நிறைய இருக்கு. இருந்தாலும் அவரு சொன்னதுல பொய் இல்ல, வாழ்ந்ததுலயும் பொய் இல்ல. ஒரே ஒரு இடத்துல அவரோட படிப்பு அவரைக் கைவிட்டுடுச்சு. புருஷன் செத்தவ நல்ல காரியத்துல முன்னால நிக்கக்கூடாதுங்கிறதை குப்பைன்னு சொன்னவரு அவரு. கருப்பையா அண்ணனோட விதவைத் தங்கச்சியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து எங்க கல்யாணத்துல முன்னால நிறுத்தினவரு. நீ ஐயரை வேண்டாம்னுட்டே, ஹோமத்தை வேண்டாம்னுட்டே, அம்மாவை மட்டும் உள் அறைக்கு அனுப்புறே. எந்தச் சீர்திருத்தம்டா இது?

கமலா நல்ல பொண்ணு, எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்குக் கல்யாண புத்தி சொல்ல எனக்கு ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கு அவளைப் பத்தி உன்கிட்ட எவனாவது வந்து, வருத்தப்படுற மாதிரி, குத்தம் சொல்லாத மாதிரி சொன்னான்னா, அவளை உள்ள கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வெச்சுக்கோ, அப்புறம் சொல்லச் சொல்லு. அதுக்கப்புறமும் அவன் வாய் திறந்தா நம்பு. அவளை ஒரு நாளும் கேக்காம மன்னிச்சுடாதே.

இதோட இதை மடிச்சு உறையில போட்டுடலாம்னுதான் இருந்தேன். ஆனா மனசு கேக்கல. இது என்ன, முதுகுக்குப் பின்னால பேசுற பேச்சு இல்லையா? பதினஞ்சு வயசுப் பொண்ணுங்க மாதிரி ஒளிஞ்சு கோள் மூட்டுறதா? நான் அந்த அறையில உட்கார்ந்தவ. அதனால இன்னைக்குக் காலையில சேலையை மாத்திக்கிட்டு, இந்தத் தாளையெல்லாம் பையில போட்டுக்கிட்டு, பஸ் ஏறி உஜோங் பாசிர்ல சதாசிவம் வீட்டுக்குப் போனேன்.

அவரு வாசல்ல சாய்வு நாற்காலியில பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. "வாங்கக்கா, கல்யாண வேலையெல்லாம் எப்படி?"ன்னாரு. அவரு சம்சாரம் கோப்பி கொண்டு வந்தாங்க. "நீங்களும் உட்காருங்க"ன்னு அந்தம்மாவையும் உட்கார வெச்சேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, 'பசியாறிட்டு இதைப் படி'லேருந்து ஆரம்பிச்சு, ஒரு எழுத்து விடாம சத்தமா வாசிச்சேன். உன் அப்பா வாசிக்கிற மாதிரியே, நிறுத்தி நிறுத்தி. வீங்கின முகம்னு வந்த இடத்துல அவரு பேப்பரை மடிச்சு மடியில வெச்சுட்டாரு. மெர்டேக்கா இடம் வந்தப்ப அவரு சம்சாரம் எழுந்து உள்ள போயிட்டாங்க, கோப்பித் தட்டை எடுக்கவே இல்ல. அவரு வழக்கம் போல வாயைத் திறக்காமக் கேட்டாரு.

வாசிச்சு முடிச்சு, தாளை அடுக்கிக்கிட்டு எழுந்தேன். படி இறங்குறப்ப பின்னாலேருந்து குரல் வந்துச்சு. ஆபீசுல கேட்ட குரல் இல்ல, பழைய டோபி கடைக் குரல். "அக்கா." திரும்பினேன். இல்லைன்னு சொல்லுவாரு, பொய்யின்னு கத்துவாருன்னு நெனச்சேன். எனக்கும் அதுதான் வேணும்னு இருந்துச்சு, நல்லா நாலு வார்த்தை திட்டிட்டு வந்திருப்பேன்.

"தம்பி இதை நம்புவானா அக்கா?"ன்னு கேட்டாரு.

அவ்வளவுதான். 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லல, கண்ணு. நீ நம்புவியான்னுதான் கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல, படி இறங்கி வந்துட்டேன். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அதே கேள்விதான் காதுல கேட்டுச்சு. வீட்டுக்கு வந்து இந்தக் கடைசித் தாளை எழுதுறேன்.

நான் கல்யாணத்துக்கு வருவேன். உள் அறையில இருக்கமாட்டேன், அதை உன் மாமனார் வீட்டுல இப்பவே சொல்லிடு. முன் வரிசையில, உனக்கு நேரா உட்காருவேன். சதாசிவமும் வருவாரு, பத்திரிகையில பேரு போட்டாச்சே. நான் எழுந்து நின்னு எதுவும் சொல்லமாட்டேன், பயப்படாதே. அவர்கிட்ட சொல்ல வேண்டியதை அவர் முகத்துக்கு நேரா சொல்லிட்டேன், உன்கிட்ட சொல்ல வேண்டியதை இதுல சொல்லிட்டேன். தலைவர் எடுத்துக் குடுக்கிறதுக்கு முன்னால மாலைத் தட்டு முதல்ல உன் கையிலதான் வரும். அதை நீ யார்கிட்ட நீட்டுறேன்னு பார்க்கத்தான் வரேன்.

அம்மா